சொகுசு எஸ்யூவியில் கோளாறா? பாகம் மாற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கிளஸ்டரில் ஒரே நேரத்தில் ஏழெட்டு எச்சரிக்கை விளக்குகள் எரிந்தால் வண்டியில் ஏழெட்டுக் கோளாறு என்று பதற வேண்டாம். பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான். ஏபிஎஸ் இல்லை, ஃபோர் வீல் டிரைவ் இல்லை, சஸ்பென்ஷன் இல்லை, பார்க்கிங் பிரேக் இல்லை என்று வரிசையாகச் செய்தி வந்து வயிற்றில் புளியைக் கரைக்கும். தோண்டிப் பார்த்தால் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னச் சென்சாரோ, வயதான பேட்டரியோ, கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீரோ அத்தனைக்கும் காரணமாக இருக்கும். ரேஞ்ச் ரோவர், எக்ஸ்5, க்யூ7, ஜிஎல்எஸ், கயென் என்று எதை எடுத்தாலும் உள்ளே ஏகப்பட்ட கண்ட்ரோல் யூனிட்கள் (சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள்) ஓயாமல் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்று தகவல் அனுப்புவதை நிறுத்தினால், அதை நம்பியிருக்கும் மற்ற யூனிட்களும் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு விளக்கை எரியவிடும்.

இந்த வண்டிகளில் பணம் கரைவது பெரும்பாலும் தவறான கணிப்பில்தான். ஏர் சஸ்பென்ஷன் விளக்கு எரிந்தது என்று, அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாற்றுவார்கள், கொஞ்ச நாளில் மறுபடி எரியும். அப்புறம் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக், அப்புறம் கண்ட்ரோல் யூனிட். முதலிலேயே சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்திருந்தால் வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பையில் இருந்த வெடிப்பு தெரிந்திருக்கும். அதனால் கீழே சொல்லியிருப்பதெல்லாம் ஒரே போக்கில்தான் போகும்: செலவில்லாமல் பார்க்க முடிவதை முதலில் பாருங்கள், யூனிட் மாற்றும் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

விளக்கை அணைக்கும் முன்

செய்தி வந்ததும் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே நிலவரத்தையும் எழுதி வையுங்கள்: இன்ஜின் சூடா, ஆறியிருந்ததா, மழையா, வண்டியைக் கழுவிய மறுநாளா, வளைவில் வந்ததா, ரிவர்ஸ் போட்டபோதா, எந்த வேகத்தில். வந்து வந்து போகும் கோளாறுக்கு இந்தக் குறிப்புதான் பாதி மருந்து. மழைக்குப் பிறகு மட்டும் வருகிறது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

அடுத்தது ஸ்கேனர். டிரைவர் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். சாதாரண ப்ளூடூத் ரீடர் இன்ஜின் சம்பந்தப்பட்ட கோடுகளை (கோளாறைக் குறிக்கும் code எண்களை) மட்டும்தான் படிக்கும். ஏர் சஸ்பென்ஷன், ஏபிஎஸ், கதவு, சீட், ஏசி எதையும் அது தொடாது. "ஸ்கேன் பண்ணிட்டோம், ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால், எந்த ஸ்கேனர், எல்லா யூனிட்டையும் படித்ததா என்று கேளுங்கள். அந்தந்த கம்பெனி வண்டிக்கென்று இருக்கும் ஸ்கேனர் அல்லது ஆப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது இந்த வகை வண்டி வைத்திருப்பவருக்கு மிக நல்ல முதலீடு.

கோடின் முதல் எழுத்தைப் பாருங்கள். பி (P) என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ். சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பக்கம். பி0 என்று படிக்கும்போது பாடி கோடுக்கான இன்னொரு 'பி'யோடு (B) குழப்பிக்கொள்ள வேண்டாம், பாடி கோடு என்பது கதவு, விளக்கு, ஏர்பேக் வகையறா. யூ என்றால் யூனிட்களுக்கிடையே தொடர்பு அறுந்திருக்கிறது. யூ கோடுகள் கும்பலாக வந்தால் உடனே பேட்டரிக்குப் போங்கள். எல்லாவற்றையும் பதிவு செய்த பிறகுதான் அழிக்க வேண்டும். கோடோடு சேர்ந்து அந்த நேரத்து வேகம், சூடு, ஆர்பிஎம் எல்லாம் பதிவாகியிருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். அழித்த பிறகு உடனே திரும்பி வருவது நிஜக் கோளாறு. வராதவை பழைய எச்சம், அல்லது வந்து போகும் கோளாறு.

பேட்டரி: இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்

செல்ஃப் எடுக்கிறது, அதனால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்ற எண்ணம் இந்த வண்டிகளில் செல்லாது. செல்ஃப் அடிக்கும் அந்த ஒரு விநாடியில் வோல்டேஜ் சரிந்தால் சில யூனிட்கள் பாதியிலேயே விழித்து, பக்கத்து யூனிட்டைக் காணோம் என்று கோடு பதித்துவிடும். இன்ஜின் ஓடும், விளக்குகள் எரியும்.

மல்டிமீட்டர் போதும். வண்டியைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்து, ஒரு மணி நேரமாவது விட்டு அளவெடுங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் நிறைந்த சார்ஜ். ஏஜிஎம் (கண்ணாடியிழைப் பாயில் அமிலம் ஊறியிருக்கும் வகை) பேட்டரியில் 12.8 பக்கம் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் பேட்டரி காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ, டெர்மினலோ, எர்த் கேபிளோ சரியில்லை. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை இருப்பது வழக்கம், ஆனால் புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் என்பதால் ஒரு நிமிடம் 12.8 காட்டியதற்கு ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

பேட்டரி எங்கே என்பதே சிலருக்குப் புதிராக இருக்கும். பல எக்ஸ்5களில் டிக்கித் தளத்துக்கு அடியில், கயென், டுவாரெக் வண்டிகளில் சீட்டுக்கு அடியில். சில மெர்சிடிஸ், லேண்ட் ரோவர் மாடல்களில் இரண்டாவதாக ஒரு சிறிய பேட்டரியும் இருக்கும், பெரியதை மாற்றிவிட்டுச் சிறியதை மறந்துவிட்டால் செய்தி போகாது. ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் பேட்டரி இருந்தால், வாயு வெளியே போகும் சிறிய குழாயை மறுபடி மாட்டியே தீர வேண்டும். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம் மட்டும்தான். பிஎம்டபிள்யூ, ஆடி போன்றவற்றில் புதுப் பேட்டரி போட்டதை ஸ்கேனர் வழியாக வண்டிக்குத் தெரியப்படுத்த வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரிக்குக் கொடுத்த மாதிரியே சார்ஜ் கொடுத்துப் புதியதைச் சீக்கிரம் சாகடித்துவிடும். வெளியிலிருந்து சார்ஜர் போடும்போது நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டாமல் பாடியில் இருக்கும் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். நெகட்டிவ் முனையில் உட்கார்ந்திருக்கும் சென்சார் அப்போதுதான் உள்ளே போன சார்ஜைக் கணக்கில் எடுக்கும்.

பேட்டரி நல்லது, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் செத்துவிடுகிறது என்றால் ஏதோ ஒன்று தூங்காமல் கரண்ட் குடிக்கிறது. பானட்டைத் திறந்து அதன் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள், வண்டி தன் பானட் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். கதவுக்கும் அப்படியே. பூட்டிவிட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் காத்திருங்கள். எல்லா யூனிட்டும் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அதன் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் கசிவு இருக்கிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை இங்கே வேண்டாம், பிடுங்கி மாட்டினால் தூங்கிய யூனிட் மறுபடி விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லி வோல்ட் பாருங்கள். பூஜ்யம் காட்டாத ஃபியூஸ்தான் திருடனுக்கு வழி விடுகிறது. கீலெஸ் சாவியை வண்டிக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பதாலும் சில வண்டிகள் தூங்குவதில்லை. முதலில் சாவியைத் தூரமாக வைத்துப் பாருங்கள்.

ஏர் சஸ்பென்ஷன்

காலையில் வந்து பார்த்தால் ஒரு மூலை உட்கார்ந்திருக்கிறது, செல்ஃப் அடித்ததும் கம்ப்ரஸர் உறுமி மெல்லத் தூக்குகிறது. இந்த நிலையில் பழுது பார்த்தால் ஒரு ஏர் பேக்கோடு (வண்டியைத் தாங்கும் காற்றுப் பை, விபத்தில் விரியும் ஏர்பேக் இல்லை) போகும். தள்ளிப் போட்டால் கம்ப்ரஸரும் சேர்ந்து போகும், ஏனென்றால் கசியும் காற்றை நிரப்ப அது ஓய்வில்லாமல் ஓடிச் சூடாகிறது. சூடு எல்லை மீறினால் யூனிட் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும், அந்தச் சமயத்தில்தான் செய்தி வரும். ஆறியதும் சரியாகிவிட்டது போலத் தெரியும். சரியாகவில்லை.

இரவில் நான்கு சக்கரத்திலும் சக்கர நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள், காலையில் கதவைத் திறக்காமல் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த மூலையின் பேக் அல்லது அதற்குப் போகும் குழாய். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் வால்வ் பிளாக்கைச் சந்தேகிக்கலாம். நான்கும் ஒரே அளவில் கொஞ்சமாக இறங்குவது குளிரால் காற்று சுருங்குவதாகவும் இருக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு: பல லேண்ட் ரோவர் மாடல்கள் நிறுத்தி வைத்திருக்கும்போதே விழித்துக்கொண்டு, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். பார்ப்பவருக்கு எந்த மூலை குற்றவாளி என்றே தெரியாது. சஸ்பென்ஷன் யூனிட்டின் ஃபியூஸை ராத்திரி மட்டும் கழற்றி வைத்தால் கசியும் மூலை காலையில் தானே காட்டிக்கொடுக்கும்.

பிறகு சோப்புத் தண்ணீர். வண்டியை உயர்ந்த நிலைக்கு ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பினால் முன் ஏர் பேக்கின் கீழ்ப்பகுதி தெரியும். ரப்பர் உள்ளே சுருண்டு மடியும் இடம் ஒன்று இருக்கும், வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். சாதாரணமாகப் பார்த்தால் மெல்லிய கோடுகள் மட்டும் தெரியும். மண்ணை நன்றாகக் கழுவிவிட்டு ஸ்ப்ரே பண்ணி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், மடிப்பின் ஓரத்தில் குட்டிக் குட்டி நுரைகள் திரண்டு வரும். சில வெடிப்புகள் வண்டி தாழ்வாக இருக்கும்போது மட்டும் வாய் திறக்கும் என்பதால் சாதாரண உயரத்திலும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். குழாய் இணையும் இடங்களையும் வால்வ் பிளாக்கையும் விட வேண்டாம். இதையெல்லாம் செய்யும்போது வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது, காற்று போனால் இரண்டு டன்னுக்கு மேலான எடை அப்படியே உட்காரும். அடியில் போக வேண்டுமென்றால் பாடிக்கு ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான். ஜாக்கி போடும் முன் மெனுவில் ஜாக் மோடைப் போட மறக்காதீர்கள். சக்கரம் தொங்கும்போது யூனிட் தானாகச் சமப்படுத்தப் பார்க்கும்.

கசிவே இல்லை, ஆனால் வண்டி ஏறவில்லை என்றால் முதலில் கம்ப்ரஸரின் ஃபியூஸும் ரிலேயும். ரிலே ஒட்டிக்கொண்டால் வண்டியை அணைத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸர் மாற்றும்போது ரிலேயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ரிலேயின் விலை ஒரு பொருட்டே இல்லை. கம்ப்ரஸரோடு இருக்கும் டிரையருக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும், அவை பொடிந்து வால்வ் பிளாக்குக்குள் போனால் வால்வ் சரியாக மூடாது. வண்டி ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால், கீழ் ஆர்மோடு இணைந்த உயரச் சென்சாரின் சின்னக் கம்பி கழன்றோ ஒடிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் மாற்றினால் உயரத்தைக் காலிபரேட் செய்ய வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

வண்டிக்குள் ஓதம் அடித்த வாடை, காலையில் உள்பக்கக் கண்ணாடியில் வியர்வை, மழைக்குப் பிறகு சம்பந்தமில்லாத விளக்குகள். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் தடித்த ஃபோம் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். சில வண்டிகளில் கண்ட்ரோல் யூனிட்களும் இணைப்புகளும் சீட்டுக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் தாழ்வாக இருப்பதுதான் பிரச்சினையே.

பெரும்பாலும் சன்ரூஃப்தான் காரணம். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது இல்லை, உள்ளே வரும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் பிடித்து நான்கு மூலைக் குழாய்கள் வழியாகக் கீழே இறக்குவதுதான் அமைப்பு. இலைதழையும் தூசியும் அடைத்தால் வாய்க்கால் நிரம்பித் தூண் வழியாக உள்ளே இறங்கும். சன்ரூஃபைத் திறந்து ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது வண்டிக்கு வெளியே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் நைலான் கம்பியை மெல்ல விட்டுச் சுத்தம் செய்யலாம். ஏர் கம்ப்ரஸரை வைத்து ஊதித்தள்ளினால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும், அப்புறம் கூரையையே இறக்க வேண்டி வரும். வைப்பருக்குக் கீழே இருக்கும் தொட்டியின் ஓட்டைகள், டெயில் லைட் ரப்பர், கதவின் உள்பக்கத் தடுப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

நனைந்த இணைப்பைப் பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு தெரியும். கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷால் தேய்த்துக் காயவிட்டு மாட்டினாலே பல யூனிட்கள் பிழைத்துக்கொள்கின்றன. எர்த் போல்ட்களையும் கழற்றி அடிப்பகுதி பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவிடாமல் யூனிட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிதான்.

கதவிலும் டிக்கியிலும் ஒடியும் வயர்கள்

கதவைப் பாதி திறந்தால் கண்ணாடி ஏறுகிறது, மூடினால் ஏறவில்லை. சென்ட்ரல் லாக் சில நேரம் பிடிக்கிறது, ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது. இதற்கு மோட்டார் வாங்க ஓட வேண்டாம். கதவுக்கும் தூணுக்கும் நடுவே சுருக்கம் சுருக்கமாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதை நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து வயரின் மேலுறை வெடித்திருக்கும், சில நேரம் உறை நன்றாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். சந்தேகப்படும் வயரை மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும், அதுதான் அறுந்தது. அதே நிறம், அதே தடிமன் பார்த்துப் புதிய வயரை மடிப்புக்கு இரண்டு பக்கமும் தள்ளி இணையுங்கள். மடிப்பிலேயே முடிச்சுப் போட்டு டேப் சுற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி ஒடியும்.

டிக்கிக் கதவிலும் இதே கதைதான்: ரிவர்ஸ் கேமரா கறுப்பாவது, நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், தானியங்கிக் கதவு ஒன்றாகச் சண்டித்தனம் செய்வது. மின் டிக்கி பாதியில் நின்று திரும்பினால் தூக்கும் கம்பிகளின் பலமும் ஒரு காரணம், பேட்டரி பலவீனம் இன்னொன்று.

ஏபிஎஸ் கும்பலும் டயரும்

ஏபிஎஸ், டிராக்ஷன், மலை இறக்கக் கட்டுப்பாடு, ஃபோர் வீல் டிரைவ், தானியங்கி பிரேக் எல்லாம் ஒன்றாகப் போனால் சக்கர வேகச் சென்சார்தான் முதல் சந்தேகம். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் திரையில் வைத்து, ஒருவர் ஓட்ட மற்றவர் பார்க்க, மெதுவாகப் போங்கள். மூன்று 15 காட்டும்போது ஒன்று பூஜ்யம் காட்டினாலோ குதித்தாலோ அந்தச் சக்கரம்தான். சென்சாரை வாங்கும் முன் அதன் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, வயர் உரசியிருக்கிறதா என்று பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் சென்சார் தப்பாகப் படிக்கும்.

டயரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டியில் இரண்டு புதிய டயர், இரண்டு தேய்ந்த டயர் என்று ஓட்டுவது, முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸை மெல்லக் கொல்லும். சுற்றளவு வித்தியாசத்தால் முன் அச்சும் பின் அச்சும் வேறு வேகத்தில் சுற்ற, அந்த வித்தியாசத்தை உள்ளே இருக்கும் கிளட்ச் தின்றுகொண்டே இருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாகப் போகும்போது வண்டி தடதடவென்று திமிறினால் முதலில் டயரின் அளவு, தேய்மானம், காற்று மூன்றையும் ஒப்பிடுங்கள், பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மாற்றிப் பாருங்கள். மின்மோட்டாரால் இயங்கும் வகையில் மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்வதும் உண்டு. அதை மட்டும் மாற்ற முடியும், முழு டிரான்ஸ்ஃபர் கேஸ் தேவையில்லை.

இன்ஜின்

பெட்ரோல் இன்ஜினில் மிஸ்ஸிங் அடித்தால் கோடே சிலிண்டரைச் சொல்லிவிடும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில் போச்சு. நகரவில்லை என்றால் அதே வித்தையை ஸ்பார்க் பிளக்கில் செய்யுங்கள், அதற்கும் நகரவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது, அதைச் சரிசெய்யாமல் காயில் மாற்றிப் பயனில்லை. செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள், எரியாத பெட்ரோல் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதை உருக்கும்.

பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்; பெரும்பாலும் எங்கோ அளக்காத காற்று உள்ளே போகிறது. ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் அளவைப் (பெட்ரோலை யூனிட் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள்; ஐடிலில் மிக அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் சாதாரணமாகிவிட்டால் வேக்கம் லீக். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சிப் பிடித்தாலோ விசில் சத்தம் வந்தாலோ இன்ஜின் அடிப்பகுதி ஆவியை வெளியேற்றும் கிராங்க்கேஸ் வென்ட்டின் சவ்வு கிழிந்திருக்கிறது. டர்போ வண்டியில் பிக்கப் விழுந்து பி0299 (டர்போ அழுத்தம் குறைவு) வந்தால் டர்போவை வாங்கும் முன் இன்டர்கூலர் குழாய்களின் இணைப்பில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள், குழாய் பிளந்த இடத்தில் கறுப்பாக எண்ணெய் படிந்திருக்கும்.

கூலன்ட் விஷயத்தில் கிளஸ்டர் முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். முள் நகரும்போது ஏற்கெனவே தாமதம். ஸ்கேனரில் டிகிரியாகப் பார்ப்பதுதான் சரி. தெர்மோஸ்டாட் ஹவுசிங், விரிவுத் தொட்டி, வி வடிவ இன்ஜின்களில் இரு பக்கத்தையும் இணைக்கும் குழாய் இவையெல்லாம் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடு பட்டு முறுகிப்போய் ஒருநாள் விரியும். கசிந்து காய்ந்த இடத்தில் உப்பு பூத்த மாதிரி வெள்ளையாகவோ, கூலன்டின் நிறத்திலோ தடம் இருக்கும். கூலன்ட் குறைகிறது, கசிவு தெரியவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் தொட்டியில் புகை வாயு இருக்கிறதா என்று காட்டும் நீல திரவச் சோதனை, மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட் பக்கம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, வெந்துவிடும். சூடு எகிறினால் ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஓட்டியதில்தான் பல அலுமினிய ஹெட்கள் வளைந்து போயிருக்கின்றன.

டீசலில் பாதித் தொல்லை குறுகிய ஓட்டத்தால். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்ய உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதற்கு நிற்காமல் நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். பாதியில் அணைத்து அணைத்து வந்தால் கரி சேர்வதோடு, எரிக்கத் தெளித்த டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஆயில் மட்டம் ஏறுவதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளாமல் உடனே மாற்றுங்கள். ஆட்ப்ளூ (புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் திரவம்) கவுன்ட் டவுன் ஓடினால் அலட்சியம் வேண்டாம், பூஜ்யத்தில் அணைத்தால் பல வண்டிகள் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஊற்றியும் செய்தி போகவில்லை என்றால் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரைப் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ்

'ஆயுளுக்கும் ஒரே ஆயில்' என்று எழுதியிருப்பதை நம்பி ஓட்டாதீர்கள். பல சொகுசு எஸ்யூவிகளுக்கு கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. இதன் பல மாடல்களில் பிளாஸ்டிக் தட்டோடு ஃபில்டரும் சேர்ந்தே வரும். மட்டம் பார்ப்பது இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது. ஆறிய நிலையில் அளந்து ஊற்றினால் கணக்கு தப்பும். சீரான வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது சாலையில் கோடு போட்ட இடத்தில் ஓட்டுவது போல நடுக்கம் வந்தால் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச், ஆயில் மாற்றினால் ஆரம்பக் கட்டத்தில் பலன் கிடைக்கும். கியர் பி-யிலிருந்து நகரவே மறுத்தால் பெட்டியைத் திறக்கும் முன் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், பிரேக் சுவிட்ச் போனாலும் இதே அறிகுறிதான்.

திரை, சத்தம், சாவி

திரை உறைந்தால் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ரேடியோ, நேவிகேஷன், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஒன்றாக ஊமையானால், பழைய மாடல்களில் அவையெல்லாம் ஒளியிழையில் வளையமாக இணைந்திருப்பதை நினைவில் வையுங்கள்: ஒரு யூனிட்டிலிருந்து அடுத்ததுக்கு ஒளி போக வேண்டும், நடுவே ஒன்று செத்தால் வளையமே அறுந்துவிடும். இழையின் முனையில் சிவப்பு வெளிச்சம் கண்ணுக்கே தெரியும், எந்த யூனிட்டுக்குப் பிறகு வெளிச்சம் இல்லையோ அங்கே தேடுங்கள். வளையத்தை மூடும் சின்ன இணைப்பானை அந்த யூனிட்டுக்குப் பதிலாக மாட்டினால் மற்றவை உயிர் பெறும். டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்தான் அடிக்கடி நனைந்து சாகிறது.

ரிவர்ஸ் போட்டதும் நீளமாக ஒரு பீப் வந்தால் பார்க்கிங் சென்சார்களில் ஒன்று போயிருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள், உயிரோடு இருப்பது டிக் டிக் என்று மெல்ல அதிரும். வண்டி நகராதபடி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சாவி கண்டறியப்படவில்லை என்றால் அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. அவசரத்துக்குச் சாவியை ஸ்டீயரிங் தண்டிலோ ஸ்டார்ட் பட்டனிலோ குறித்த இடத்தில் ஒட்டி வைத்தால் ஸ்டார்ட் ஆகும், அந்த இடம் எது என்று இன்றைக்கே கையேட்டில் பார்த்து வையுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் கடகடவென்று சத்தம், ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் சூடு என்றால் ஏசியின் காற்றுக் கதவை நகர்த்தும் குட்டி மோட்டார்.

தொடக்கூடாதவை

ஆரஞ்சு நிற கேபிள் உயர் வோல்டேஜ், ஹைபிரிட் வண்டியில் அதைப் பயிற்சி பெற்றவர் மட்டும்தான் தொட வேண்டும். மஞ்சள் இணைப்புகள் ஏர்பேக்குக்கானவை. அவற்றில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடித்துவிடலாம். மின் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பின் பேட் மாற்றும் முன் ஸ்கேனர் வழியாக சர்வீஸ் மோடுக்குப் போட வேண்டும், பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் உடையும். முன் கண்ணாடி மாற்றினால் கேமரா காலிபரேஷன் செய்யாமல் வண்டியை எடுத்து வராதீர்கள்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்து, வண்டியைப் பூட்டித் தூங்கவிட்டு, மறுநாள் நன்றாக ஓட்டிவிட்டு மறுபடி எல்லா யூனிட்டையும் ஸ்கேன் செய்யுங்கள். அந்த அறிக்கையைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் பழைய அறிக்கைக்குப் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள், அடுத்த தடவை விளக்கு எரியும்போது எது புதியது, எது பழையது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.